ஓடும் படத்தை நிறுத்திக் காட்டுதல்: மலையகத்தில் சினிமாவிலிருந்து பிறக்கும் டிஜிட்டல் கலைக்கு ஒரு கண்காட்சி அமைக்கும் முறை

ஏற்கெனவே எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தின் சட்டகங்களையும் (ஓடும் படத்தின் தனித்தனி நிலைப்படங்களையும்) நிறத்தையும் ஒலியையும் கணினியில் பிரித்தெடுத்து, அடுக்கி, நீட்டி, சில வேளைகளில் அழித்து, அவற்றிலிருந்து புதிய பார்வைப் பொருளொன்றை உருவாக்குவதே சினிமாவிலிருந்து பிறக்கும் டிஜிட்டல் கலையாகும். விருப்பமான நடிகரின் முகத்துக்குக் கணினியில் வண்ணம் தீட்டிச் சுவரொட்டி அளவில் அச்சிடுவதும் இதுவே எனப் பலர் கருதுகிறார்கள். அதில் ரசிகரின் அன்பு இருக்கிறது. ஆனால் ஒரு மண்டபத்தைத் திறந்து, மக்களை அழைத்து, அரை மணி நேரம் அவர்களை நிற்க வைப்பதற்கு அது போதாது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது தம் கண்ணுக்கு அகப்படாத ஒன்றை, கண்காட்சிக்கு வருபவர் சுவரில் காண வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இத்தகைய கண்காட்சியொன்றை நடத்த விரும்பும் சித்திர ஆசிரியர்கள், பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞர்கள், ஸ்டூடியோவில் வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வி, பிறகு படம்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, இந்தக் கண்காட்சி எதைக் கேட்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். "தமிழ் சினிமாவின் பொற்காலம்" என்பது கேள்வி அன்று, தலைப்பு மட்டுமே. "தேயிலைத் தோட்டத்தில் எடுக்கப்பட்ட காட்சிகளில் தேயிலை பறிப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள்?" என்பது கேள்வி. அதற்கு விடை தேடும் வேலை உடனே தொடங்கிவிடும். எந்தப் படம் வேண்டும், எந்தக் காட்சி வேண்டும், எந்தச் செய்முறை பொருந்தும் என்பனவெல்லாம் அதிலிருந்தே தெளியும்.

மலையகத்தில் இத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள மலைகளும் கொழுந்து மலைச் சரிவுகளும் பல மொழிப் படங்களுக்குப் பின்னணியாக இருந்திருக்கின்றன. அந்தப் பின்னணிக்குள் இருந்த மக்கள் பெரும்பாலும் பெயரின்றி, முகம் தெளியாமல், சில விநாடிகளில் திரையைக் கடந்து போயிருக்கிறார்கள். இலங்கைத் தேயிலைக்கு வெளிநாட்டில் சந்தை தேடிய தேயிலைப் பிரசார சபையின் பணத்தில், பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இயக்கி 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப் படம் உலக ஆவணப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. சுமார் 40 நிமிடம் ஓடும் அந்தப் படத்தின் மூன்றாம் பகுதியில், சந்தை விலைகளும் வாணிபக் கடித வாசகங்களும் குரல்களாக ஒன்றன்மேல் ஒன்று படிய, காட்சியில் மனிதர்கள் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். குரல் ஒரு பக்கம் போக உடல் வேறொரு பக்கம் போகும் இந்த இடைவெளி ஒன்றே ஒரு கண்காட்சிக்குப் போதிய பொருள் தரும். இதற்கு எதிர்த் திசையில், மலையகத் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்து 1975இல் வெளியான 'புதிய காற்று' போன்ற படங்கள் இருக்கின்றன. அங்கே தோட்டத் தொழிலாளர் பின்னணியிலிருந்து முன்னணிக்கு வருகிறார்கள். இவ்விரு வகைப் படங்களின் சட்டகங்களையும் எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தாலே பார்ப்பவர் பேசத் தொடங்குவார்.

ஒரு கண்காட்சிக்கு ஒரு படமோ இரண்டு படங்களோ போதும். இருபது படங்களிலிருந்து இருபது துண்டுகளை எடுப்பவர் ஒன்றையும் ஆழமாகப் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுத்த படத்தை முதலில் ஒலியோடு ஒரு முறையும், ஒலியின்றி ஒரு முறையும், பின்னர் நாயகர் இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றொரு முறையும் பாருங்கள். மூன்றாம் முறை பார்க்கும்போது கண்ணில் படுபவற்றைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். உங்கள் படைப்புகளில் பாதி அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் வரும்.

பிரதியும் உரிமையும்

நல்ல பிரதி கிடைப்பது எளிதன்று. குறிப்பாக இலங்கையில் எடுக்கப்பட்ட பழைய படங்களுக்கு இது பெருங்கவலை. 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டதில் பல படங்களின் மூல நெகட்டிவ்கள் அழிந்தன. எஞ்சியிருப்பவை பல இடங்களில் வீடியோ நாடாக்களாகவே இருக்கின்றன. தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்த காலத்து நாடாக்கள் சில வீடுகளில் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போட்டு ஓட்டிவிடாதீர்கள், ஒட்டிக்கொண்ட நாடா அறுந்துபோகும், டெக்கின் தலையும் பழுதாகும். நாடாவை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஸ்டூடியோவில் முதலில் துப்புரவு செய்யச் சொல்லுங்கள்.

பிரதியின் தரத்தை எண்களில் அறிந்துகொள்வது அவசியம், ஏனெனில் அச்சிடும் அளவை அதுவே தீர்மானிக்கிறது. நமது பகுதியில் புழங்கும் 'பால்' (PAL) முறை டிவிடியின் ஒரு சட்டகத்தில் 720க்கு 576 புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கும். ஃபுல் எச்டி பிரதியில் 1920க்கு 1080. ஃபோர்கே பிரதியில் 3840க்கு 2160. டிவிடியிலும் தொலைக்காட்சிப் பதிவிலும் அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அது அரைப் படங்களைப் பின்னிய பதிவு என்று பொருள். 'டீஇன்டர்லேஸ்' செய்த, அதாவது அந்த அரைப் படங்களை முழுச் சட்டகங்களாக்கிய பின்னரே சட்டகங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

உரிமையைப் பொறுத்தவரை, இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கட்புல செவிப்புல ஆக்கங்களுக்கு 70 ஆண்டுப் பாதுகாப்பை அது வழங்குகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திரைப்படத்துக்கு, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே ஒரே படம் ஒரு நாட்டில் உரிமை நீங்கியதாகவும் மற்றொரு நாட்டில் நீங்காததாகவும் இருக்க முடியும். படத்தின் உரிமை தீர்ந்தாலும் அதிலுள்ள பாடலின் உரிமை தனியே உயிரோடிருக்கலாம். இலங்கைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விமர்சனம், கருத்துரை, கற்பித்தல், ஆய்வு போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பயன்பாடு வணிக நோக்கமுடையதா, எடுத்துக்கொண்ட பகுதி எவ்வளவு, மூல ஆக்கத்தின் சந்தைக்கு அது ஊறு செய்யுமா என்பன போன்றவற்றை எடைபோட்டே அது தீர்மானிக்கப்படும். அனுமதிச் சீட்டு விற்காத, படைப்பை விற்காத, மூலப் படத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லும் கண்காட்சி வலுவான இடத்தில் நிற்கிறது. ஆனாலும் அது அனுமதிக்கு மாற்றாகாது. தயாரிப்பாளரோ அவரின் குடும்பத்தாரோ எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால் கடிதம் எழுதுங்கள். அதே சட்டம் ஆக்கியோரின் மதிப்புக்குக் கேடு விளைக்கும் திரிபை எதிர்க்கும் உரிமையையும் அவர்களுக்குத் தந்திருக்கிறது. ஒருவரின் படத்தைக் கேலிப்பொருளாக்குவது சட்டத்துக்கும் ஒவ்வாது, கலைக்கும் ஒவ்வாது. படத்தின் நீண்ட பகுதியை வெட்டாமல் அப்படியே திரையிட எண்ணினால், பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வழங்கும் அரச சபையின் அனுமதியைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

செய்முறைகள்

இந்தக் கலைக்கு ஒரு மரபு இருக்கிறது என்பதை உங்கள் குழுவினருக்கு முதலில் காட்டுங்கள். ஜோசஃப் கோர்னெல் என்ற அமெரிக்கர், பழைய படமொன்றின் சுருளை வெட்டி ஒட்டி, அதில் நடித்த பெண்ணின் முகபாவங்களை மட்டும் கோர்த்துப் புதிய குறும்படம் செய்தது 1936இல். ஸ்கொட்லாந்தின் டக்ளஸ் கோர்டன், ஹிட்ச்கொக்கின் 1960ஆம் ஆண்டுப் படமொன்றை விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு சட்டகங்களாக மெதுவாக்கி 24 மணி நேரம் ஓடும்படி காட்டியது 1993இல். கிறிஸ்டியன் மார்க்லே ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கடிகாரம் தெரியும் காட்சிகளை எடுத்து, பார்ப்பவரின் கைக்கடிகார நேரத்தோடு ஒத்தோடும் 24 மணி நேரப் படைப்பொன்றைக் கோர்த்து 2010இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வெனிஸ் கலைவிழாவில் அது தங்கச் சிங்க விருதைப் பெற்றது. இம்மூவரும் மிகச் சில கருவிகளையே பயன்படுத்தினர். அவர்களின் வலிமை தேர்வில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை சட்டகங்களைப் பிரித்தெடுப்பது. ஒலிப் படம் விநாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவதால், இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டகங்கள் இருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் ஒரே கட்டளையில் இவற்றைப் பிரித்துத் தரும். அத்தனையையும் எடுத்தால் சாதாரண மடிக்கணினி நிரம்பிவிடும். முதலில் விநாடிக்கு ஒன்று வீதம் 9,000 சட்டகங்களை எடுத்துப் பாருங்கள், வேண்டிய காட்சி எது என்று தெரிந்த பிறகு அந்தப் பகுதியை மட்டும் முழுமையாக எடுங்கள்.

நிறக் கோட்டுப் படம் செய்வது எளிது. பாடசாலை மாணவர்களுக்கு இதையே முதலில் கற்பிக்கலாம். ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரு புள்ளி அகலமுள்ள நிற வரியாகச் சுருக்கி, இடமிருந்து வலமாக அடுக்கினால், முழுப் படமும் ஒரே நீண்ட வண்ணப் பட்டையாகிவிடும். 9,000 வரிகளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 30 அங்குல அகலம் வரும். 2000ஆம் ஆண்டில் ஜேசன் சலவொன் என்ற அமெரிக்கக் கலைஞர், அன்றுவரை மிகக் கூடிய வசூலைப் பெற்றிருந்த படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரே நிறச் சதுரமாக்கி இதைப் போன்றதொரு படைப்பைச் செய்தார். தோட்டத்தில் எடுக்கப்பட்ட படத்தின் பட்டையில் பச்சை எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஆனால் இந்த முறை உலகம் முழுவதும் மிகுதியாகச் செய்யப்பட்டுவிட்டது. கண்காட்சியில் ஒன்றோ இரண்டோ வைத்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் அலங்காரமாகிவிடும்.

மலையகத்துக்கு மிகவும் பொருந்துவது என நான் உறுதியாக நம்பும் செய்முறை, முன்னால் நிற்பவரை அழித்துப் பின்னணியை மீட்பதாகும். காமிரா அசையாமல் நின்ற ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து விநாடிக் காட்சியில் 120 சட்டகங்கள் இருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் 120 நிறங்களின் இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பைக் கணக்கிடச் சொன்னால், ஓடியாடும் நாயகனும் நாயகியும் மறைந்து, அவர்களுக்குப் பின்னாலிருந்த செடியும் பாதையும் லய வீடுகளும் மட்டும் மிஞ்சும். ஒரு புள்ளியைப் பாதிக்கும் குறைவான நேரமே மறைத்திருப்பவர்தான் மறைவார். ஒரே இடத்தில் நின்று வசனம் பேசியவர் மறைய மாட்டார். சராசரியை எடுத்தால் மங்கலான நிழல்கள் மிஞ்சும், இடைநிலையை எடுத்தால் தெளிவான பின்னணி கிடைக்கும். இரண்டையும் செய்து பாருங்கள். நிழல்களோடு கூடிய சராசரிப் படம் சில காட்சிகளில் அதிகம் பேசும். பைத்தன் மொழியும் ஓப்பன்சிவி நூலகமும் தெரிந்த ஒருவர் இதைச் சில வரிகளில் எழுதிவிடுவார். தெரியாதவர்கள், ஏழெட்டுச் சட்டகங்களை ஜிம்ப் மென்பொருளில் அடுக்குகளாகப் போட்டு, மறைக்கும் உருவத்தைக் கையால் அழித்துக்கொண்டே போகலாம். நேரம் எடுக்கும், ஆனால் அழிக்கும் கைக்கு அந்தக் காட்சி நன்கு பழகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாயகரை அழித்த அதே காட்சியில், பின்னால் குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, அவர் திரையிலிருந்த ஒவ்வொரு சட்டகத்தையும் வரிசையாகச் சிறிய அளவில் அச்சிடலாம். இரண்டு விநாடி என்றால் 48 சட்டகங்கள். கை கொழுந்தைத் தொடுவதிலிருந்து கூடைக்குப் போவது வரையிலான முழு அசைவும் அந்த 48 படங்களில் விரியும். பறித்துப் பழகிய கைகள் அதைப் பார்க்க வரும்போது, அது உண்மையான பறிப்பா நடிப்புக்காகச் செய்ததா என்று உடனே சொல்லிவிடும்.

காமிரா மலையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் துழாவும் காட்சிகளை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அந்தச் சட்டகங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒட்டினால், திரையில் ஒரே நேரத்தில் ஒருபோதும் தோன்றாத ஓர் அகன்ற மலைத்தொடர் உருவாகும். எச்டி பிரதியிலிருந்து 6,000 புள்ளி அகலம் கிடைத்தால், அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் 60 அங்குலம், அதாவது ஒன்றரை மீற்றர் நீளம் வரும். ஒட்டிய இடங்களில் ஒளி மாறுவதையும் விளிம்புகள் படிக்கட்டுப்போல் ஏறி இறங்குவதையும் வெட்டிச் சமப்படுத்தாமல் அப்படியே விடுங்கள்; காமிரா நகர்ந்த வழி அதில் தெரியும். எந்த மலை, எந்தத் தோட்டம் என்று வருபவர்கள் அடையாளம் காண்பதற்கும் இது உதவும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கிய படங்களைக் கூர்மையாக்கும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. மலைக்கும் மரத்துக்கும் அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. முகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பத்துப் புள்ளிகளில் இருக்கும் ஒரு தொழிலாளியின் முகத்தை அந்தக் கருவி தெளிவாக்குவதில்லை; தான் கற்ற வேறு முகங்களிலிருந்து கண்ணையும் மூக்கையும் உண்டாக்கி அவர்மேல் பொருத்துகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த மலையில் நின்ற ஒருவருக்கு, அவருடையதல்லாத முகத்தைக் கொடுத்து அவரின் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது பெரும் அநீதி. மங்கலாகப் பதிவானவர் மங்கலாகவே இருக்கட்டும்.

அச்சு

எச்டி சட்டகத்தை அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் அச்சிட்டால் ஏறத்தாழ 19 அங்குல அகலம் வரும். இரண்டு அடி தள்ளி நின்று பார்க்க அது நன்றாகவே இருக்கும். டிவிடி சட்டகத்தை அதே வீதத்தில் அச்சிட்டால் ஏழு அங்குலம்தான். ஆகவே தரம் குறைந்த பிரதியிலிருந்து வந்த படங்களைப் பெரிதாக்கிப் புள்ளிகளை உடைக்காமல், சிறிதாக, வரிசையாக வையுங்கள். பழைய படங்களின் இருண்ட பகுதிகள் திரையில் தெரிவதைக் காட்டிலும் தாளில் கறுத்துப் போகும். முழுப் படத்தையும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், இருண்ட பகுதியொன்றை மூன்று வெளிச்ச அளவுகளில் ஒரே தாளில் அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரிலுள்ள கலர் லேபின் பளபளப்பற்ற தாள் இதற்கு ஏற்றது. விளம்பரப் பலகை அச்சிடும் ஃபிளெக்ஸ் மலிவானது, ஆனால் மின்விளக்கின் ஒளி அதில் பட்டுத் தெறிக்கும். வாசலில் வைக்கும் அறிவிப்புக்கும் மலைத்தொடர் போன்ற நீண்ட படத்துக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

மண்டபமும் மழையும் மின்சாரமும்

கலைக்கூடம் என்று தனியே கட்டப்பட்ட இடங்கள் மலைநகரங்களில் அரிது. நகர மண்டபம், பாடசாலை மண்டபம், கோயில் கலியாண மண்டபம், தோட்டத்துச் சனசமூக நிலையம் ஆகியவற்றில் ஒன்றே கிடைக்கும். அதில் குறையேதும் இல்லை. கலைக்கூடத்தின் வாசலில் தயங்கி நிற்பவர்கள் இங்கே தயக்கமின்றி நுழைவார்கள். தேதியைத் தீர்மானிக்கும்போது மழையைக் கணக்கில் எடுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும். பதுளைப் பக்கம் வடகீழ் பருவக்காற்று டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை பெய்யும். ஆகவே மேற்கு மலைக்கு ஆண்டின் முதல் மூன்று மாதங்களும், கிழக்குச் சரிவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் உகந்தவை. மலையில் வேலை இருக்கும் நாட்களில் தோட்டத்து மக்களால் வர முடியாது; ஞாயிறும் போயாவும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும், கடைசி பஸ்ஸின் நேரத்துக்கு முன்பே மூட வேண்டும்.

ஈரமே அச்சுப் படங்களின் முதல் எதிரி. வெறும் தாளை ஒட்டினால் ஒரே இரவில் அலையலையாக நெளிந்துவிடும்; ஃபோம் பலகையில் ஒட்டி, சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது விலகியிருக்குமாறு மரச் சலாகையிலிருந்து தங்கூசி நரம்பில் தொங்கவிடுங்கள். இருபக்கமும் ஒட்டும் டேப்பைக் குளிர்ந்த, ஈரச் சுவரில் நம்பாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 முதல் 145 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். பெரிய நூதனசாலைகள் இதைக் காட்டிலும் சற்று உயர்த்தி வைப்பதுண்டு. நம் பாட்டிமாரும் பிள்ளைகளும் கழுத்தை நிமிர்த்தாமல் பார்ப்பதற்கு இந்த அளவே சரி.

அசையும் படைப்புகளுக்குப் புரொஜெக்டர் வேண்டும். கருவியின் வீச்சு விகிதம், அதாவது படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்ற எண், 1.5 என்றால், இரண்டு மீற்றர் அகலப் படத்துக்கு அதை மூன்று மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதற்கு முன் இந்த எண்ணைக் கேட்டு, மண்டபத்தில் அளந்து பாருங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேல் காற்று அடர்த்தி குறைந்து கருவியைப் போதியளவு குளிர்விக்காது என்பதால், பல புரொஜெக்டர்களின் மெனுவில் உயரமான இடங்களுக்கென்றே 'ஹை ஆல்டிடியூட் மோட்' என்றொரு தெரிவு இருக்கும். அதை இயக்காமல் விட்டால் சூடேறி இடையில் நின்றுபோகும். இயக்கினால் விசிறி வேகமாகச் சுழன்று சத்தம் கூடும். ஆகவே மெல்லிய ஒலியுள்ள படைப்பைப் புரொஜெக்டருக்கு அருகில் வைக்க வேண்டாம், அதற்குத் தொலைக்காட்சித் திரையும் ஹெட்போனும் பொருத்தமானவை. ஹட்டனும் பண்டாரவளையும் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதால் அங்கே இது பெரும்பாலும் தேவைப்படாது. குளிரில் வேனில் கொண்டுவந்த கருவியை மண்டபத்தின் சூட்டில் உடனே இயக்கினால் வில்லையில் நீர் படியும். ஒரு மணி நேரமாவது அப்படியே வைத்திருந்து பின்னர் இயக்குங்கள்.

விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் விளக்கின் ஆயுள் குறையும். சில நிமிடங்கள் தாங்கும் யூபிஎஸ் ஒன்று இருந்தால் முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கும். இடி முழங்கும் மாலைகளில் கண்காட்சியை நிறுத்தி, செருகிகளைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. தொலைக்காட்சிகளில் சில, யாரும் ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் போனால் தாமாகவே அணைந்துவிடும். அமைப்புகளில் அதைத் தேடி நீக்க வேண்டும். காட்சிகளை எச்264 முறையில் எம்பி4 கோப்பாக்கி, யூஎஸ்பியில் போட்டு, ஒரு முழு நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்த்த பிறகே திறப்பு நாளைக் குறியுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும், எந்த இடத்தில் நுழைந்து பார்த்தாலும் விளங்கட்டும். முன்னால் ஒரு வாங்கு போடுங்கள். உட்கார இடமிருந்தால் மக்கள் நின்று பார்ப்பதைக் காட்டிலும் நெடுநேரம் பார்ப்பார்கள்.

குறிப்பு அட்டையும் பெயர்ப் புத்தகமும்

ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டை வேண்டும். மூலப் படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர், எந்த நிமிடத்திலிருந்து எடுக்கப்பட்டது, என்ன செய்யப்பட்டது ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதினால் போதும். எழுத்தின் அளவு 20 பொயின்ட்டுக்குக் குறையக் கூடாது. "இப்படைப்பு காலத்தின் நிலையாமையைப் பேசுகிறது" என்பது போன்ற வாக்கியங்கள் யாருக்கும் பயன்படாது. "இந்தக் காட்சியின் 120 சட்டகங்களிலிருந்து நடிகர்கள் நீக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதினால் பார்ப்பவர் தாமாகவே படத்துக்குத் திரும்புவார். செய்முறையை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் மடிக்கணினியொன்றை வைத்து, நாயகர் மறையும் விதத்தை ஒரு மாணவர் நேரில் செய்து காட்டினால், பல பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

திறப்பு விழாவில் விருந்தினர் உரைகளைக் குறைத்து, திரையரங்குக்கு நடந்துபோய்ப் படம் பார்த்த தலைமுறையினரைப் பேச அழையுங்கள். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பழைய அனுமதிச் சீட்டு எதையாவது வைத்திருப்பவர்களிடம் இரவல் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். வாங்கும்போதே கையெழுத்திட்ட பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, பின்னணியில் தெரியும் மனிதர்களின் படங்களை எண்ணிட்டு ஒரு மேசையில் பரப்பி, அருகே ஒரு கொப்பியும் பேனாவும் வையுங்கள். "இந்த எண்ணில் இருப்பவரை உங்களுக்குத் தெரியுமா? இந்த இடம் எது?" என்று மேலே எழுதுங்கள். எழுதப் பழகாத பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு மாணவரை அங்கேயே அமர்த்த வேண்டும். அடையாளம் சொல்பவரின் பெயரையும் அவர் சொன்ன விதத்தையும் பதியுங்கள். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் பதியுங்கள். குடும்பத்தினரின் சம்மதம் கிடைத்த பின்னரே பெயரைப் படத்தின் அட்டையில் ஏற்றலாம். அப்படி ஏற்றப்படும் ஒவ்வொரு பெயருக்காகவும் பழைய அட்டையைக் கழற்றிப் புதிய அட்டையை அன்றே அச்சிட்டு மாட்டுங்கள். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அது மாற வேண்டும்.

முடிந்த பிறகு, படைப்புகளின் மூலக் கோப்புகளை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் சேர்த்து, அடையாளம் காணப்பட்ட படங்களின் அச்சுப் பிரதியொன்றை அந்தந்தக் குடும்பத்துக்கும், முழுத் தொகுப்பின் பிரதியை அருகிலுள்ள பொது நூலகத்துக்கும் பாடசாலைக்கும் கொடுத்துவிடுங்கள். இரவல் வாங்கிய பொருட்களைப் பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டு, மண்டபத்தின் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும்.